அக்கா எழுத்துத் தமிழில் பேசிய வருடம்

“தம்பி, நீ நலமாக இருக்கிறாயா?”

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஜும்ஆ தொழுதுவிட்டு மஸ்கட் அறைக்குத் திரும்பிச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போனில் அக்கா இப்படிக் கேட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் அக்கா ஷமீமா நான் பிறந்ததிலிருந்து என்னிடம் இப்படிப் பேசியதில்லை. ‘ஏலே, தின்னியா’ என்றுதான் ஆரம்பிப்பாள். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு ஊரிலிருந்து வருகிற எந்த அழைப்பும் முதல் இரண்டு நொடிக்குச் சாவுச் செய்திதான். எங்களைப் பெற்ற அத்தாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, அதைச் சொல்லத்தான் இவள் இவ்வளவு பதமாக ஆரம்பிக்கிறாள் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

அத்தாவுக்கு என்ன என்று கேட்டேன்.

“அவர் உணவு உண்டுவிட்டு உறங்கிக்கொண்டிருக்கிறார்” என்றாள்.

பின்னால் மச்சான் சிரிக்கிற சத்தம் கேட்டது. மச்சான் அன்சார் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பேண்டேஜ் துணிக் கட்டுகளைத் தறியிலிருந்து சலவைக்கு ஏற்றிப் போவதும் வருவதுமாக இருப்பார். போனை வாங்கி, “மகாராணியார் பேசுறாக மாப்ள, எந்திரிச்சு நின்னு கேளு. எனக்கு ஒரு வாரமா இந்தத் தண்டனதான்” என்றார்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இதற்கெல்லாம் காரணமே நான்தான் என்பதும் புரிந்தது.

அக்காவுக்கு வீடு செட்டியார்பட்டியில். பத்தாம் வகுப்பு தேறிய கையோடு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். பத்தொன்பது வயதில் அவள் வலது கை பஞ்சைச் சீவுகிற கார்டிங் மெஷினில் சிக்கியது. நடு விரல்கள் மூன்றும் போய்ப் பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. மில்லில் அவளை வீட்டுக்கு அனுப்பாமல், வேலைக்கு வருகிற பெண்களின் பிள்ளைகளை வைத்திருக்கும் காப்பகத்தில் உதவியாளாகப் போட்டார்கள். மில்லில் எல்லாரும் அதைப் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். அங்கே அவளுக்குப் பதினாறு வருடம் ஓடிவிட்டது. மிஞ்சிய இரண்டு விரலை வைத்துக்கொண்டு அவள் பிள்ளைகளுக்குச் சட்டைப் பித்தான் போடுகிற வேகத்தை வீடியோவில் பார்த்திருக்கிறேன். பத்து விரல் உள்ள எனக்கு அது வராது. எழுதுவது மட்டும் முடியாமல் போயிற்று. இடது கையால் எழுதப் பழகினாள்தான், ஆனால் ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

அந்தப் பால்வாடிக்குப் பொறுப்பு பிச்சையம்மாள். அவர் அதற்கு அடுத்த வருட ஜூனில் ஓய்வுபெறுவதாக இருந்தது. அவருக்குப் பிறகு அந்தப் பால்வாடி அறையின் பொறுப்பு தனக்குத்தான் வரும் என்று அக்கா இருந்தாள், மில்லில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். ஒருநாள் மேனேஜர் ஐயாதுரை கூப்பிட்டு, பொறுப்பாளருக்குப் பிளஸ் டூ வேண்டும், நூல் வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் அதையெல்லாம் தாளில் கேட்கிறார்கள் என்று சொன்னார். அடுத்த ஜூனுக்குள் தேறியிருந்தால் அவளுக்கு, இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒரு டீச்சரை எடுப்பார்கள். அந்த டீச்சர் தனக்கு வேண்டிய உதவியாளைக் கூட்டிக்கொண்டு வருவார். அக்கா கழிவுப் பஞ்சு பிரிக்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

“பிள்ளைகள விட்டுட்டுப் பஞ்சுக்குப் போக மாட்டேன்” என்று அக்கா வீட்டில் வந்து சொன்னாள். அது ஒன்றுதான் அவள் சொன்னது. மற்றதெல்லாம் ஏற்பாடு.

பதினொன்று, பன்னிரண்டு இரண்டையும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்தால் இரண்டு வருடம். பத்து தேறி வருடக்கணக்கானவர்கள் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்தால் ஐந்து பாடத்தையும் ஒரே வருடத்தில் எழுதி முடித்துவிடலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். அவரே படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார். தமிழ், வரலாறு, சமூகவியல், மனையியல், குழந்தைப் பராமரிப்பு என்று ஐந்து பாடம். இரண்டு வருடத்துக்கான புத்தகக் கட்டை மச்சான் லோடு ஆட்டோவில்தான் ஏற்றி வந்தார். துணி மூட்டைக்கு நடுவில் அதுவும் ஒரு மூட்டையாக வந்தது.

நான் வேண்டாம் என்றேன். வழக்கமாக எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வேன். ஒரே வருடத்தில் முடியாது, உடம்பு கெட்டுவிடும், இரண்டு தவணையாக எழுதலாம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். “ரெண்டு வருஷத்துக்குப் பிச்சையம்மா அக்கா இருக்க மாட்டாகளே” என்றாள்.

கைக்கு வழி இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தேர்வில் ‘சொல்வதை எழுதுபவர்’ என்று ஒருவரைக் கொடுப்பார்கள். நாம் வாயால் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. அக்கா அதை எண்ணி நிம்மதியாகத்தான் இருந்தாள். பழகிப் பார்க்கலாம் என்று மச்சானை எழுத உட்கார வைத்து, சமச்சீர் உணவு என்றால் என்ன என்ற கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறாள். மச்சான் எழுதிய தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார்கள். அதில் இருந்தது இது:

‘அது வந்து எல்லாச் சத்தும் அளவா இருக்கணும். சோத்தையே அம்புட்டையும் தின்னுட்டுக் காய ஒதுக்கி வச்சா அது சமச்சீர் இல்ல. ஏங்க எழுதுறீகளா தூங்குறீகளா. பருப்பு கீரை முட்டை. செத்த நேரம் இருங்க பால் பொங்குது.’

வேலையிடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயம் வந்துவிட்டது. இணையத்தில் விதிகளைத் தேடி, ஆங்கிலத்தில் இருந்த இருபது பக்கத்தையும் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். எழுதுபவர் தேர்வர் சொல்வதைச் சொல்கிறபடியே எழுத வேண்டும், ஒரு சொல்லைக்கூட மாற்றவோ திருத்தவோ கூடாது, நீ ‘அம்புட்டு’ என்றால் அவர் ‘அம்புட்டு’ என்றுதான் எழுதுவார், மார்க் போகும் என்று ஒரு மணி நேரம் அவளை மிரட்டினேன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். “அப்பம் பேசுறதயே மாத்திக்கிற வேண்டியதுதான்” என்றாள்.

அடுத்த வாரம்தான் அந்த ஜும்ஆ நாள் அழைப்பு.

எழுதுகிற தமிழ் நம் எல்லாருக்கும் கையில்தான் இருக்கிறது, வாயில் இல்லை. பேனாவைப் பிடித்தால் ‘இருக்கிறது’ என்று தானாக வந்து விழும். வாயைத் திறந்தால் ‘இருக்கு’தான். அக்காவுக்குப் பேனா பிடிக்கிற கை இல்லை. அதனால் கையில் இருக்க வேண்டியதை வாய்க்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு நாளில் இரண்டு மணி நேரம் பழகினால் வராது, விடிந்தது முதல் பேசினால்தான் நாக்கு திரும்பும் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்து அதில் நின்றாள்.

மீன்காரரிடம் “இம்மீன் இன்று பிடிக்கப்பட்டதா?” என்று கேட்டாள். பஸ்ஸில் கண்டக்டரிடம் “ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பயணச்சீட்டு தாருங்கள்” என்று கேட்டபோது, அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, சிலோனில் எந்த ஊர் என்று அன்போடு விசாரித்தார். அத்தா முதல் பத்து நாள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். மகள் தன்னை மூன்றாம் மனிதராக்கிவிட்டாள் என்று நினைத்தாராம். மச்சான் மட்டும் சளைக்காமல் ஈடுகொடுத்தார். “அரசியே, குழம்பில் உப்பு இல்லை, படை திரட்டவா” என்பார். கோபம் வந்தால் மட்டும் அக்காவுக்குப் பழைய பேச்சு வந்துவிடும். அதனால் மச்சான் வேண்டுமென்றே கோபமூட்டி அவளைத் தோற்கடிப்பார்.

எனக்கும் ஒரு வேலை வைத்தாள். பால்வாடியில் மதியம் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில், தாழ்ந்த குரலில் ஒரு விடையைச் சொல்லி வாய்ஸ் மெசேஜ் போடுவாள். நான் அதைக் கேட்டுக் கையால் எழுதிப் போட்டோ அனுப்ப வேண்டும். பத்தாம் வகுப்பு வரை நான் தமிழில் படித்தவன். அதற்கப்புறம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வருடமாகத் தமிழில் கடைச்சாமான் பட்டியலைத் தவிர எதையும் எழுதியதில்லை. ‘சமூகமயமாதல்’ என்று அவள் சொல்ல, நான் எழுதிய எழுத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் பொறுமையாகத் திருத்தி அனுப்புவாள். “‘முயற்சி’ என்பதற்கு வல்லின ‘ற’ போட வேண்டும், தம்பி. வெயிலில் நின்று எழுதினாயா?” என்று ஒருமுறை கேட்டாள். அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு நான்தான் தேறிக்கொண்டிருந்தேன்.

சிக்கல் பால்வாடியில் வந்தது.

நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலைபார்க்கும் வெங்கடேஸ்வரிக்கு மூன்று வயதில் ஒரு மகள். அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. அந்தப் பிள்ளை தமிழ் கற்றுக்கொண்டதே பால்வாடியில்தான், அக்கா வாயிலிருந்துதான், அதுவும் அந்த வருடத்தில்தான். அதற்குத் தெரிந்த ஒரே தமிழ் எழுத்துத் தமிழாகப் போயிற்று. தண்ணியை அது ‘நீர்’ என்றது. வீட்டில் ‘நீள்ளு’ என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்குத் ‘தண்ணி’யைவிட ‘நீர்’ பக்கத்தில் இருந்திருக்கிறது. தெருமுனைக் கடையில் போய், “அண்ணா, எனக்கு ஒரு மிட்டாய் வேண்டும். சிவப்பு நிறத்தில் தாருங்கள்” என்று கேட்கும். கடைக்கு வந்தவர்கள் மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு என்று சுற்றி நின்று சிரித்திருக்கிறார்கள்.

வெங்கடேஸ்வரிக்கு அது பொறுக்கவில்லை. நேரே ஐயாதுரையிடம் போய், “எம் பிள்ள ரேடியோ மாதிரி பேசுது சார். தெருவே கூடி நின்னு சிரிக்குது. பாத்துக்கிடச் சொல்லித்தான விட்டோம், நாடகம் பழக்கவா விட்டோம்?” என்று கேட்டிருக்கிறாள்.

ஐயாதுரை அக்காவைக் கூப்பிட்டார். படிப்பது நல்லதுதான், ஆனால் இன்னொரு தாய் வந்து புகார் சொன்னால் பிளஸ் டூ தேறினாலும் அந்த அறையைத் தர முடியாது என்றார். அன்று மதியம் வாய்ஸ் மெசேஜ் வரவில்லை. மறுநாள் வந்ததில் விடை எதுவும் இல்லை. “தப்புப் பண்ணிட்டேன்லே. அந்தப் பிள்ளைய எல்லாரும் பாத்துச் சிரிக்க வச்சுட்டேன்” என்று மட்டும் சொன்னாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் என்னை ‘லே’ போட்டது அன்றைக்குத்தான். அது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

அதிலிருந்து பால்வாடிக்குள் பிள்ளைகளிடம் பழைய பேச்சுதான். மற்ற பிள்ளைகள் மாறிவிட்டன, வெங்கடேஸ்வரி மகள் மட்டும் மாறவில்லை. “என்னட்டி வேணும்?” என்று அக்கா கேட்டால் “ஒன்றும் வேண்டாம்” என்று சொல்லும். பழகுவதற்கு இருந்த நேரம் பாதியாகக் குறைந்தது. வரலாறு அப்போதே பின்தங்கிவிட்டது.

ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர்வு. எழுத வந்தவன் பெயர் விமல், கான்சாபுரத்துப் பையன், கல்லூரியில் முதல் வருடம். விதி என்றால் விதி என்று இருப்பவன். முதல் தேர்வு தமிழ். பாதி விடையில் அக்கா யோசிப்பதற்காக, “இருங்க தம்பி, செத்த நேரம்” என்று சொல்லியிருக்கிறாள். தாளை வாங்கிப் பார்த்தால் விடைக்கு நடுவில் அழகான கையெழுத்தில், ‘இருங்க தம்பி, செத்த நேரம்’ என்று இருந்தது. சொன்னதை எழுதுவதுதான் தன் வேலை என்றான். “அவ்வரியை அடித்துவிடுங்கள்” என்று அக்கா சொல்ல, அடித்தான். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் தும்மக்கூட அவளுக்குப் பயமாக இருந்ததாம்.

மனையியலும் சமூகவியலும் சுமாராகப் போயின. வரலாறு மோசம். கடைசித் தேர்வு குழந்தைப் பராமரிப்பு. அன்றைக்குக் கான்சாபுரத்துப் பஸ் வழியில் நின்றுபோய் விமல் கால் மணி நேரம் தாமதமாக ஓடிவந்தான். இது அவளுடைய பாடம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் என்று நான்கூடத் தைரியமாக இருந்தேன்.

கடைசியில் ஒரு பெரிய கேள்வி. காப்பகத்துக்கு முதல் நாள் வரும் குழந்தை தாயைப் பிரிந்து அழும்போது பராமரிப்பாளர் செய்ய வேண்டியவற்றை விளக்குக. பதினாறு வருடமாக அவள் செய்துகொண்டிருப்பதே அதுதான். ஆனால் வாயைத் திறந்தால் ஒரு சொல்லும் வரவில்லை. புத்தகத்தில் அதற்கு ஒரு பெயர் இருந்தது, அது மறந்துவிட்டது. ‘குழந்தையானது’ என்று ஆரம்பித்தாள், நின்றது. மறுபடி ‘குழந்தையானது’ என்றாள். விமல் இரண்டு முறையும் எழுதினான். அவள் பார்த்த எந்தப் பிள்ளையும் ‘குழந்தையானது’ என்று அழவில்லை. வெங்கடேஸ்வரி மகள் முதல் நாள் வாசல் கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தியதுதான் கண்ணுக்குள் நின்றது. அரை மணி நேரம் மிச்சம். வரலாறு ஏற்கெனவே ஆட்டம், இதுவும் போனால் எல்லாம் போச்சு என்பது ஒரு பக்கம். இந்தக் கேள்விக்கே விடை சொல்லத் தெரியாவிட்டால் அந்த அறை எதற்கு என்பது இன்னொரு பக்கம்.

அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. புத்தகத்திலும் ஆட்கள் பேசத்தானே செய்கிறார்கள்.

“தம்பி, மேற்கோள் குறி போடுங்க” என்றாள்.

“போட்டாச்சு அக்கா.”

“இதுக்குள்ள நான் சொல்றத சொல்றபடியே எழுதணும்.”

“நான் அதத்தான செய்யிறேன்” என்றான் விமல், கொஞ்சம் வருத்தத்தோடு.

குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து அமர்ந்து பராமரிப்பாளர் இவ்வாறு கூற வேண்டும் என்று வெளியே எழுதச் சொன்னாள். குறிக்குள் சொன்னது இது: ‘அம்மா எங்கயும் போகலைட்டி. அந்தா மெஷின் சத்தம் கேக்குதா, அதுக்குள்ளதான் இருக்கா. சங்கு ஊதுனதும் வந்துருவா. அம்புட்டு நேரமும் அழணும்னாலும் அழு. நான் பிடிச்சிக்கிறேன்.’

விமல் பேனாவை நிறுத்தினான். “‘போகலைட்டி’ சேத்தா, பிரிச்சா?” என்று கேட்டான். அந்த ஒரு கேள்வி விதியில் இல்லாதது.

“சேத்தே எழுதுங்க” என்றாள் அக்கா.

அதற்கப்புறம் தடையில்லை. வெளியே எழுத்துத் தமிழ், குறிக்குள் அவள் தமிழ் என்று மாறி மாறிப் போயிற்று. முதல் நாள் தாயின் துப்பட்டாவையோ துண்டையோ பிள்ளை கையில் விட்டுவைக்க வேண்டும், ஏமாற்றிவிட்டுத் தாய் ஓடக் கூடாது, சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், அழுகையை நிறுத்த மிட்டாயைக் காட்டக் கூடாது. கூடுதல் தாள் ஒன்று வாங்கி அதிலும் முக்கால் பக்கம் போனது.

தேர்வு முடிந்து அவள் இதைச் சந்தோஷமாகச் சொன்னபோது நான் வழக்கம்போல இடிந்துபோனேன். பரீட்சைத் தாளில் ‘போகலைட்டி’ என்று யாராவது எழுதுவார்களா, திருத்துகிறவர் எந்த ஊரோ, அவருக்கு இது புரியுமா என்று புலம்பினேன். எழுத்துத் தமிழ் தேர்வறை வாசலோடு முடிந்துவிட்டது. “ஏலே, போனை வச்சுட்டுப் போய்ச் சாப்பிடு” என்றாள்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி, நான் வேலையில் இருந்தபோது முடிவு வந்தது. பதிவு எண்ணை மூன்று முறை தப்பாக அடித்தேன். தமிழ் எழுபத்தொன்று. மனையியல் அறுபத்தாறு. சமூகவியல் ஐம்பத்தெட்டு. வரலாறு முப்பத்துநாலு, தேற முப்பத்துமூன்று வேண்டும். குழந்தைப் பராமரிப்பு எண்பத்துமூன்று.

உடனே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். “ஏலே, வரலாற இன்னொரு தடவ சொல்லு” என்றாள். சொன்னேன். “ஒண்ணு கூடயா போட்டாக” என்றாள்.

பிச்சையம்மாளுக்கு மாலை போட்டு அனுப்பிய மறுநாள், மூக்குக் கண்ணாடியும் கையில் உத்தரவுத் தாளுமாக ஐயாதுரை பால்வாடிக்கு வந்தார். வாசலில் வெங்கடேஸ்வரி மகள் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தது. அங்கே யாரும் செருப்போடு உள்ளே போகக் கூடாது. அவர் ஷூவோடு உள்ளே காலை வைக்கப் போகும்போது அண்ணாந்து பார்த்து, “ஐயா, காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள்” என்றது.

ஐயாதுரை பிள்ளையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்காவுக்கு உயிரே போய்விட்டதாம், கையில் வந்த அறை இந்த ஒரு வாக்கியத்தில் போகப் போகிறது என்று. அவர் ஷூவைக் கழற்றினார். சாக்ஸில் பெருவிரல் பக்கம் ஓட்டை இருந்தது. அப்படியே உள்ளே வந்து தாளைக் கொடுத்துவிட்டு, “இது இன்னும் மாறலையாம்மா?” என்று கேட்டார்.

நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்டேன்.

“நான் என்னத்தச் சொல்ல” என்றாள் அக்கா. “ரூலத்தான சார் சொல்லுதுன்னேன். அவிய சிரிச்சுட்டாக.”